ஒன்றேகால் மணி வேன்: படிவம் 1 சேர்க்கையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023/2024 தவணையில் மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடைநிலைப்பள்ளிகளில் படிவம் 1-க்கு, அதாவது ஏழாம் ஆண்டுப் படிப்புக்கு, விண்ணப்பித்தார்கள். ஒருத்திக்கு இடம் கிடைத்தது. மற்றவளுக்குக் கிடைக்கவில்லை, மேல்முறையீடும் பலிக்கவில்லை. இருவருக்கும் கணிதம் எடுத்தவள் நான். புறப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியையும் நானே. இடம் கிடைக்காதவள்தான் இருவரில் கெட்டிக்காரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். என் நினைப்பை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதால் இரண்டு கோப்புகளையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்து, வரி வரியாகப் படித்தேன். பெயர்கள் வேண்டாம். ஒருத்தி பட்டணத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருப்பவள், இன்னொருத்தி பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே செம்பனைத் தோட்டத்தில் இருப்பவள். தாமான் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்றே சொல்கிறேன்.

ஊர் சுங்கை சிப்புட். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் இரண்டு ஞாபகம் வரும். 1948 ஜூன் 16-இல் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க நாட்டில் அவசரகாலம் பிறந்தது ஒன்று. மலேசிய இந்தியர் கட்சித் தலைவர்களான துன் சம்பந்தனும் அவருக்குப் பின் துன் சாமிவேலுவும் நின்று வென்ற தொகுதி என்பது மற்றொன்று. எங்களுக்கு அப்படியில்லை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், இரண்டுக்கும் பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு தோட்டப் பட்டணம். கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் கன்றுகளில் ஒன்று என்பார்கள். அதே ஊரில்தான் மலாய்க் கல்லூரி, 1905-இல் மலாய் அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்காகத் தொடங்கிய தங்கிப் படிக்கும் பள்ளி. அந்த மரத்தின் வாரிசுகளை நம்பித்தான் எங்கள் தாத்தாமார் கப்பலேறி வந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல் அவர்கள் நினைப்பில்கூட வந்திருக்காது.

யார் விண்ணப்பிக்க வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அருகிலுள்ள இடைநிலைப்பள்ளிக்குப் பெயர் தானாகப் போய்விடும். மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டு படிவம் 1-க்குப் போவார்கள். பொறுக்கியெடுக்கும் பள்ளிகள் தனி. கல்வி அமைச்சின் முழுத் தங்கும் விடுதிப் பள்ளிகள், மாரா என்ற அரசு அமைப்பின் இளநிலை அறிவியல் கல்லூரிகள், சமயப் பள்ளிகள், விளையாட்டு, கலைப் பள்ளிகள், அப்புறம் பெரிய பட்டணங்களில் பெயர்பெற்ற சில பகல்நேரப் பள்ளிகள். மாரா கல்லூரிகளில் பத்து விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்ரா (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்) அல்லாதவர்களுக்கு என்று 2002-இல் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் வாயில் "மாரா" என்ற சொல் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முன்பெல்லாம் கணக்கு எளிது. 1988 முதல் ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு 2016-க்கு முந்தைய ஆண்டுகளில் ஏழு தாள், 2016-இலிருந்து எட்டு. எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் நாளிதழில் படம், கோயில் மண்டபத்தில் மாலை, யாராவது ஒரு தலைவர் கையால் மடிக்கணினி. எந்தப் பள்ளி யாரை எடுத்தாலும் "எல்லாம் ஏ" என்ற ஒரு காரணத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 2020-இல் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அதை ஒரேயடியாக ஒழித்துவிட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. பிள்ளைகளின் தலையிலிருந்து பாரம் இறங்கியது என்று நானும் மகிழ்ந்தவள்தான். பொறுக்கியெடுக்கும் பள்ளிகள் மட்டும் பொறுக்குவதை நிறுத்தவில்லை. அமைச்சின் பள்ளிகளுக்கு பி.கே.எஸ்.கே. என்று ஒரு நுழைவு மதிப்பீடு வந்தது. மாரா கல்லூரிகளுக்கு யு.கே.கே.எம். என்ற தனித் தேர்வு இருக்கிறது. முன்பு எல்லாப் பிள்ளைகளும் ஒரே தேர்வை எழுதினார்கள். இப்போது அப்படியொரு தேர்வு இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால்தான் பிள்ளை எழுதும்.

அந்த ஆண்டு எங்கள் ஆறாம் ஆண்டில் முப்பத்தொரு பேர். ஏழெட்டுப் பேராவது விண்ணப்பிக்கத் தகுந்தவர்கள். விண்ணப்பித்தது இரண்டே பேர். அதில் தோட்டத்துப் பிள்ளையின் விண்ணப்பத்தை நான் என் மின்னஞ்சல் முகவரியில் போட்டேன், அவள் வீட்டில் யாருக்கும் மின்னஞ்சல் இல்லை. இன்னொரு பையன் ஆசைப்பட்டான், கணக்கில் புலி. அவனுக்குக் குடியுரிமைச் சிக்கல். அப்பா அம்மா திருமணத்தைப் பதியாமல் விட்ட பழைய கதை. விண்ணப்பத்தின் முதல் பக்கம் கேட்கும் அடையாள எண்ணே அவனிடம் இல்லை. அவன் கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சமமான இருவர்

படிப்பில் இருவரையும் பிரிக்க முடியவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள்தான். கணிதத்தில் இருவருக்கும் ஆறு, அறிவியலில் இருவருக்கும் ஐந்து, மலாய்மொழியில் இருவருக்கும் ஐந்து, ஆங்கிலத்தில் தாமான் பிள்ளைக்கு ஐந்து, தோட்டத்துப் பிள்ளைக்கு நான்கு, தமிழில் அப்படியே திருப்பி. தவணை இறுதித் தேர்வில் கணக்கில் தோட்டத்துப் பிள்ளை நான்கு புள்ளி கூட.

அடைவுநிலை என்பது பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காக வந்தது. பிள்ளைகளை வரிசைப்படுத்த வந்ததில்லை. ஒரே வகுப்பில் ஆறு பேருக்கு "ஆறு" கொடுத்தால் அது நல்ல சேதி. அந்த ஆறு பேரில் ஒருவரை எடுக்கவேண்டிய பள்ளிக்கோ அதே எண் எந்த உதவியும் செய்யாது. அகலமான பட்டையில் பிள்ளைகளைப் போட்டால் சமமானவர்கள் கும்பலாக நிற்பார்கள். அப்புறம் வேறு எதையாவது பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது அந்த "வேறு எதையாவது" என்ற இடத்தில்தான் முடிவாகிறது.

சிங்கப்பூர்க்காரர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முன்பு ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கூட்டிக் கழித்த மொத்தப் புள்ளி உண்டு, ஒரு புள்ளி வித்தியாசத்தில் பள்ளி மாறும். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை நிலை, நான்கு பாடம் சேர்த்தால் 4 முதல் 32 வரை. குறைவாக இருந்தால் நல்லது. இப்படிச் செய்தால் ஒரே எண்ணில் பலர் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றால் முதலில் குடியுரிமை, அடுத்து அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டார்கள், அதிலும் சமமென்றால் கணினிக் குலுக்கல். குலுக்கல் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். தோற்ற பிள்ளையின் அம்மா "அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம், "என் பிள்ளைக்கு என்ன குறை" என்று ராத்திரியெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இன்னும் 163 அரசு கிராமர் பள்ளிகள் பதினொரு வயதில் தேர்வு வைத்து எடுக்கின்றன. அங்கே பல இடங்களில் பிள்ளையின் வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிக்கட்டுவார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை, முந்தைய செப்டம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னது இல்லையா, அதற்காக. அப்படியும் இருவர் சமமென்றால் வீடு யாருக்குப் பள்ளிக்குப் பக்கம் என்று பார்க்கும் பள்ளிகள் நிறைய. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளை அங்கே பிறந்திருந்தாலும் பன்னிரண்டு கிலோமீட்டர் அவளைத் துரத்திக்கொண்டு போயிருக்கும்.

தேர்வு

பி.கே.எஸ்.கே. கணினித் திரையில் எழுதுவது. தர்க்கம், வடிவத் தொடர், கணக்கு, அறிவியல் என்று அறிவுத்திறன் ஒரு பகுதி. குணநலன், மனப்பாங்கு பார்க்கும் கேள்விகள் ஒரு பகுதி. எழுத்து வெளிப்பாடும் உண்டு. தமிழில் இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறு ஆண்டும் "பின்னம்", "சுற்றளவு", "ஒளிச்சேர்க்கை" என்று படித்துவிட்டு, அன்றைக்கு அதே விஷயத்தை வேறு மொழியில் சந்திக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் சமாளிப்பார்கள், இரண்டு பேரும் சமாளித்தார்கள். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் கூடுதலாகப் போயிருக்கும், அவ்வளவுதான். நேரம் வைத்து நடக்கும் தேர்வில் அந்த அரை நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள்.

தாமான் பிள்ளைக்கு ஈப்போவில் வாங்கிய பயிற்சிப் புத்தகம் இருந்தது, மாதம் அறுபது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, இணைய டியூஷனும் இருந்தது. அதில் ஒரு குற்றமும் இல்லை. அவள் அப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, மகளுக்காகச் சிகரெட்டை விட்டவர். தோட்டத்துப் பிள்ளைக்கு நான் இடைவேளையில் சொல்லிக்கொடுத்ததுதான். ஒருநாள் குணநலப் பகுதிக்காக நானே ஒரு மாதிரிக் கேள்வி எழுதி இருவரிடமும் கேட்டேன். "நாளைக்குப் பள்ளியில் உன் குழு பேச்சுப் போட்டியில் கலந்துகொள்கிறது. தம்பிக்குக் காய்ச்சல். அம்மா வேலைக்குப் போகவேண்டும். நீ என்ன செய்வாய்?"

தாமான் பிள்ளை சொன்னாள்: "அம்மாகிட்ட பேசி, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட உதவி கேட்டு, அப்புறம் போட்டிக்கு வருவேன் டீச்சர்."

தோட்டத்துப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். "தம்பியப் பார்த்துக்குவேன் டீச்சர். பேச்சை எழுதிக் கொடுத்து வேற ஆள அனுப்பிடுவேன்."

"பக்கத்து வீட்ல யாரும் இல்லையாம்மா?"

"அவங்களும் குலை பொறுக்கப் போயிருப்பாங்க டீச்சர்."

முதல் பதில்தான் பயிற்சிப் புத்தகம் எதிர்பார்க்கும் பதில். சூழ்நிலையை ஆராய்வது, உதவி தேடுவது, கடமையை விடாமல் இருப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாவது பதிலில் அவற்றோடு ஒரு பொய்யின்மையும் இருக்கிறது. கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் தேர்வில் அந்தப் பொய்யின்மையை எங்கே தட்டுவது? "நீ அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்லு" என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை.

வேன்

நான் மெனக்கெட்டு எழுத வந்தது இதைத்தான்.

தோட்டத்திலிருந்து பள்ளி வேன் காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பும். வழியில் மூன்று இடத்தில் ஆள் ஏற்றிப் பள்ளி வாசலுக்கு வர ஏழு இருபத்தைந்து. மதியம் ஒன்றேகாலுக்குத் திரும்பக் கிளம்பிவிடும். வேன்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் இரண்டு மணிக்கு அவர் தொழிற்சாலை ஷிப்ட் ஆட்களை ஏற்றவேண்டும். பிள்ளைகளுக்காக ஒரு நிமிடம்கூட நிற்க அவரால் முடியாது, நின்றால் அந்த ஒப்பந்தம் போய்விடும்.

புறப்பாட நடவடிக்கை புதன்கிழமை இரண்டரை மணிக்கு.

பிள்ளைகளின் உடல், விளையாட்டு, புறப்பாட மதிப்பீட்டில் என்னென்ன பார்க்கிறோம் என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. வருகை ஒரு பகுதி. வகித்த பதவி ஒரு பகுதி. எந்த அளவில் கலந்துகொண்டாள் என்பது ஒரு பகுதி: பள்ளியா, மாவட்டமா, மாநிலமா, தேசியமா. ஈடுபாடு, சேவை, அடைந்த வெற்றி ஆகியவையும் சேரும். விளையாட்டு, மன்றம், சீருடை இயக்கம் மூன்றுக்கும் இப்படித்தான். எல்லாவற்றையும் ஆசிரியர் கணினியில் ஏற்றுவார், ஒரு மொத்தம் வரும், ஒரு தரம் வரும். பார்வைக்கு நியாயமான ஏற்பாடு.

இனி தோட்டத்துப் பிள்ளையின் கோப்பு. தமிழ்மொழிக் கழகம், பன்னிரண்டு சந்திப்பில் மூன்றுக்கு வந்திருக்கிறாள். அந்த மூன்றும் அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போன நாள்கள். சாரணியர் இயக்கம், அதே மூன்று. விளையாட்டு மன்றம், நான்கு. வருகைப் பத்தியில் அவள் சோம்பேறி.

பதவிப் பத்தி காலி. நான்காம் ஆண்டில் அவளை மாணவர் தலைவராகப் போட நான்தான் பெயர் கொடுத்தேன். மாணவர் தலைவர்கள் காலை ஏழு ஐந்துக்கே வாசலில் நிற்கவேண்டும். ஏழு இருபத்தைந்துக்கு வரும் பிள்ளையை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்கும் பதில் இல்லை. நூலகப் பொறுப்பும் அப்படியே போயிற்று, அதற்கு மதியம் தங்கவேண்டும். வருகை குறைந்த பிள்ளைக்குக் கழகத்தில் செயலாளர் பதவி கொடுக்க ஆசிரியர்களுக்கும் மனம் வரவில்லை. ஆக, தலைமைத்துவப் பத்தியிலும் சைபர்.

தாமான் பிள்ளையின் கோப்பில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, துணை மாணவர் தலைவர், கழகச் செயலாளர், மாவட்ட அளவில் கதை சொல்லும் போட்டி. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வர அவளுக்கு ஏழு நிமிடம். அவளும் உழைத்தவள்தான், யாரும் அவளுக்குத் தானமாக எதையும் கொடுத்துவிடவில்லை. ஏழு நிமிட நடையில் அவள் வீடு இருந்தது என்பதையும் கூடவே சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டு கோப்புகளையும் பார்க்கும் யாருக்கும், எங்கோ ஓர் அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரிக்கு, ஒருத்தி பொறுப்பானவள், மற்றவள் ஒட்டாதவள் என்றுதான் தோன்றும். அவர்மேல் தப்பில்லை. வேன் கிளம்பும் நேரத்துக்கு அந்தப் படிவத்தில் பத்தி இல்லை.

என் பிழை

தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பத்தி மட்டும் பளபளப்பாக இருந்திருக்க வேண்டும். அவள் ஓடுவாள். செம்பனைக் கட்டைகளுக்கு நடுவே, செம்மண் பாதையில், தம்பியைத் துரத்தி ஓடிப் பழகிய ஓட்டம். ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் மாவட்டக் குறுக்கோட்டப் போட்டிக்கு நான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். போட்டி சனிக்கிழமை என்பதால் வேன் கவலை இல்லை. ஆறாம் ஆண்டில் நான்காவதாக வந்தாள், காலணி வலது பாதத்தில் பிளந்திருந்தது.

அந்தப் பதிவை நான் பள்ளி அளவில் என்று ஏற்றிவிட்டேன். அந்த வாரம் பள்ளி அளவிலான ஓட்டப் பதிவுகள் முப்பத்தொன்றை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தேன். கை பழக்கத்தில் இதுவும் அதோடு போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை, நானும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. மேல்முறையீட்டுக்காகக் கோப்பை அச்செடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் மாற்றும் காலம் முடிந்துவிட்டது.

அந்த ஒரு பத்திதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சமமான இருவரில் ஒருத்தியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் ஒவ்வொரு பத்தியும் கனக்கும். அவளுக்கிருந்த ஒரே கனமான பத்தியை நான் இலேசாக்கிவிட்டேன்.

வருமானப் பத்தியிலும் ஒரு கோணல் நடந்தது. விண்ணப்பம் குடும்ப வருமானத்தைக் கேட்கும். வசதி குறைந்த பிள்ளைக்கு அதில் ஒரு சலுகை உண்டு. அவள் அப்பா குலை வெட்டுபவர். அடிப்படைச் சம்பளம் அப்போதைய குறைந்தபட்சமான 1,500 வெள்ளி, மற்றது காய்ப்பைப் பொறுத்தது. விண்ணப்பத்தோடு கடைசி மாதச் சம்பளச் சீட்டைத்தான் வைத்தார்கள். அந்த மாதம் காய்ப்பு உச்சம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சீட்டில் 2,900 வந்திருந்தது. அப்பாவுக்கு அந்தச் சீட்டில் ஒரு பெருமை வேறு, மகளின் விண்ணப்பத்தில் நல்ல தொகையாகக் காட்டவேண்டும் என்று அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதச் சராசரி எடுத்திருந்தால் இரண்டாயிரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். சொல்லிக்கொடுக்க வேண்டிய நானும் அந்தச் சீட்டைப் பார்த்து "நல்லா சம்பாதிக்கிறீங்களே அண்ணே" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

வீட்டில்

முடிவு இணையத்தில் வந்தது, ஒற்றை வரி. தாமான் பிள்ளை வீட்டில் லட்டு கொடுத்தார்கள், எனக்கும் ஒரு பெட்டி. மறுநாள் நான் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அவள் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அரைநாள் வேலை செய்பவர்.

நான் பிழையைச் சொன்னேன். மாவட்டம் என்று போடவேண்டியதைப் பள்ளி என்று போட்டுவிட்டேன் என்றேன்.

"பரவால்ல டீச்சர். நீங்க ஒரு ஆளுதான் அவளுக்காக இவ்ளோ அலைஞ்சீங்க."

எனக்கு அந்தப் பதிலைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அவராகவே சொன்னார். "உண்மையச் சொல்லவா டீச்சர்? கெடைச்சிருந்தா எனக்குப் பாதி பயம். பொம்பளப் புள்ள, பன்னெண்டு வயசு. ரெண்டு பஸ் மாறிப் போகணும். அங்க நம்ம ஆளுங்க எத்தன பேரு இருப்பாங்க, வெள்ளிக்கிழம வெளக்கேத்த முடியுமா, மாட்டுக்கறி போடுற நாள் இவ என்ன சாப்புடுவா, இதெல்லாம் ராத்திரி படுத்தா வரும்."

இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இடம் கிடைத்தும் போகாத பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்கள் விட்ட இடங்கள்தான் இரண்டாம் சுற்றிலும் மேல்முறையீட்டிலும் நிரப்பப்படுகின்றன. ஆகவே மேல்முறையீடு என்பது நீதிமன்ற வழக்குப் போல "நீ செய்தது தப்பு" என்று வாதாடும் இடம் அல்ல. காலியான இடத்துக்கு வரிசையில் மறுபடி நிற்பது. நான் மூன்று பக்கத்துக்கு எழுதிய கடிதத்தில் வேன், ஷிப்ட், ஏழு இருபத்தைந்து எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது படித்தால் வழக்கறிஞர் வாதம் போலவே இருக்கிறது. குறுக்கோட்டச் சான்றிதழை மட்டும் முதல் பக்கத்தில் வைத்து நாலு வரி எழுதியிருக்கலாம்.

பிறகு நாங்கள் செய்தது

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோப்புகளையும் பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு தாத்தா எழுந்து, "அப்போ அந்த வேன்காரருக்குத்தான் முதல்ல பரிட்சை வைக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வேன்காரரும் அங்கேதான் இருந்தார், அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, புதன்கிழமைகளில் நாலேகாலுக்குத் தன் மச்சான் இரண்டாம் நடை வரத் தயார், நாற்பது வெள்ளி கொடுத்தால் போதும் என்றார். ஆண்டுக்கு முப்பது புதன்கிழமை என்றால் 1,200 வெள்ளி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலுக்கு வசூலிக்கும் அதே ஆட்கள் அதே கையோடு இதையும் வசூலித்துவிட்டார்கள்.

பதவி விஷயத்தில் தலைமையாசிரியரிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மாணவர் தலைவர் என்றால் காலை வாசலில் நிற்பவர் மட்டும்தானா, இடைவேளையில் சின்னப் பிள்ளைகளைச் சிற்றுண்டிச்சாலையில் வரிசைப்படுத்துபவர் தலைவர் இல்லையா என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து "இடைவேளைத் தலைவர்" என்று நான்கு பதவி வந்தது. நான்கும் வேன் பிள்ளைகளுக்கு. புறப்பாடப் பதிவுகளை ஏற்றியதும் அச்செடுத்துப் பிள்ளை கையிலேயே கொடுத்து, வீட்டில் பார்த்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறோம். முதல் ஆண்டே பதினேழு பிழைகள் திரும்பி வந்தன. பதினொன்று என்னுடையவை.

ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு இப்போது தவணைத் தொடக்கத்திலேயே ஒரு மாலை ஒதுக்குகிறோம். இப்படியொரு தேர்வு உண்டு, விண்ணப்பம் இணையத்தில் திறக்கும், ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள், கையிலிருக்கும் சான்றிதழையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள் என்று சொல்வது அவ்வளவுதான். தேநீரும் வடையும் உண்டு. சென்ற முறை ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள், இரண்டு பேருக்குக் கிடைத்தது, அதில் ஒருவன் வேன் பிள்ளை. இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதில் ஏழு பேர் வீட்டுக்கும் நான் போய் உட்கார வேண்டியிருந்தது.

தாமான் பிள்ளை அங்கே நன்றாகப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பள்ளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். மலாய் முன்பைவிடச் சரளமாக வருகிறது, தமிழில் கொஞ்சம் தடுமாறுகிறாள். முதல் மூன்று மாதம் தினமும் அழுததாகச் சொன்னாள்.

தோட்டத்துப் பிள்ளை பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் 2026-இல் படிவம் 3. படிவம் 3-இல் இருந்த பி.டி.3 என்ற அரசுத் தேர்வும் 2022-இல் போய்விட்டதால் படிவம் 4 சேர்க்கைக்கும் இனி இதே வழிதான்: நுழைவு மதிப்பீடு, புறப்பாடக் கோப்பு, படிவம். போன மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள், ஓடியே வந்திருக்கிறாள் போல, நெற்றியெல்லாம் வேர்வை. பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நானே எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். நீங்க சும்மா ஒரு தடவ பார்த்தா போதும்."

ஒவ்வொரு சான்றிதழுக்கு மேலும் பென்சிலில் எழுதியிருந்தாள்: மாவட்டம், மாவட்டம், மாநிலம். வருமானப் பத்தியில் ஆறு மாதச் சராசரி, பக்கத்தில் கூட்டி வகுத்த கணக்கு. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து போய், குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து, தானாகவே தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.